விரல் உரைத்த வசை

வசை என்றதும் நாவின் நினைவே முதலில் எழும். ஆயினும் நாவைப் போலவே கையும் வைய வல்லது. வாயால் சொல்லக் கூசுவதை ஒரு விரலசைவு சொல்லிவிடும். காட்டியவன், தான் ஒன்றும் பேசவில்லையே என்று ஒதுங்கிக்கொள்ளவும் இடமுண்டு. அச்சைகையின் பொருள் விரலில் இல்லை. காண்போரிடையே வழங்கும் உடன்பாட்டில் உள்ளது. இவ்வுண்மையை வரலாறு பலமுறை மெய்ப்பித்திருக்கிறது.

நடுவிரலை நீட்டிப் பழிப்புக் காட்டும் வழக்கம் மிகப் பழமையானது. கி.மு. 423இல் ஏதென்ஸ் நகரில் அரங்கேறிய அரிஸ்டோபனீசின் 'மேகங்கள்' நாடகத்திலேயே அது நகைப்புக்குரிய பொருளாக இடம்பெற்றது. ரோமானியர் அவ்விரலை 'நாணமற்ற விரல்' என்றே அழைத்தனர். பேரரசன் கலிகுலா, தன் மெய்க்காவற்படை அதிகாரியான கேரியா முத்தமிடுவதற்குக் கையை நீட்டும்போது, விரல்களை ஆபாசமாக மடக்கி அசைத்து அவனை அவமதிப்பது வழக்கம் என்று சூட்டோனியஸ் எழுதியுள்ளார். கி.பி. 41இல் கலிகுலாவைக் கொன்ற சதியில் முன்னின்றவன் அந்தக் கேரியாவே. சதிக்கு அரசியல் காரணங்கள் பல இருந்தன. எனினும் கேரியா பட்ட அவமானத்தையும் சூட்டோனியஸ் மறவாமல் குறித்துள்ளார்.

ஒரே சைகை இடத்துக்கு இடம் பொருள் மாறுவதும் உண்டு. 1941 சனவரி 14இல் பெல்ஜியத் தலைவர் விக்டர் டி லாவலே, பி.பி.சி. வானொலி வழியே 'வி' என்னும் எழுத்தை வெற்றிச் சின்னமாகக் கொள்ளுமாறு தம் நாட்டாரை வேண்டினார். சர்ச்சில் இரு விரல்களை விரித்துக் காட்டி அதனை உலகறியச் செய்தார். ஆனால் இங்கிலாந்தில் உள்ளங்கை வெளிப்புறம் நோக்கினால்தான் அது வெற்றி; புறங்கையைக் காட்டினால் கடும் வசை. அஜின்கோர்ட் போரில் (1415) பங்கேற்ற வில்லாளரிடமிருந்து இவ்வசை பிறந்தது என்னும் கதைக்கு அக்காலச் சான்று ஏதுமில்லை. 1992இல் ஆஸ்திரேலியா சென்ற அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், வெற்றிக்குறி என்றெண்ணிப் புறங்கையைக் காட்டி நகைப்புக்கு ஆளானார். தமிழகத் தேர்தல் மேடைகளிலோ அவ்விரு விரல்கள் இரட்டை இலைக்கு வாக்குக் கேட்பன. அங்கு அவற்றில் வசையின் நிழலும் இல்லை.

பொருளறியாமை கேலிக்கு மட்டுமன்றிக் காப்புக்கும் உதவியதுண்டு. 1968 சனவரி 23இல் அமெரிக்க உளவுக் கப்பல் 'புவெப்ளோ'வை வடகொரியா கைப்பற்றியது. தாக்குதலில் ஒருவர் இறக்க, கப்பல் தலைவர் லாயிட் புக்கர் உள்ளிட்ட 82 பேர் சிறைப்பட்டனர். துன்புறுத்தி ஒப்புதல் வாக்குமூலம் பெற்ற அதிகாரிகள், கைதிகள் நலமாக உள்ளனர் என உலகுக்குக் காட்டப் புகைப்படங்கள் எடுத்தனர். அப்படங்களில் மாலுமியர் நடுவிரலை நீட்டி அமர்ந்திருந்தனர். கேட்டபோது, அது ஹவாய்த் தீவினரின் நல்வாழ்த்துச் சைகை என்றனர், காவலரும் நம்பினர். வேறு எவ்வகையிலும் எதிர்க்க இயலாத கைதிகளுக்கு, வற்புறுத்திப் பெற்ற வாக்குமூலங்களைத் தாம் ஏற்கவில்லை எனத் தாயகத்துக்கு அறிவிக்க அவ்விரலே வாய்த்தது.

அவ்வாண்டு அக்டோபரில் 'டைம்' இதழ் ஒரு படத்தை வெளியிட்டு, அச்சைகையின் உண்மைப் பொருளையும் விளக்கியது. செய்தி வடகொரியரை எட்டியது. டிசம்பரில் ஒரு வாரம் கைதிகள் கொடுமையாக அடிக்கப்பட்டனர்; அதனை அவர்கள் 'நரக வாரம்' என்றே பின்னர் குறிப்பிட்டனர். டிசம்பர் 23இல், சரியாகப் பதினொரு மாதங்களுக்குப்பின், அவர்கள் விடுதலை பெற்றனர்.

கலிகுலாவின் விரல் எளியவனைத் தாழ்த்த எழுந்தது. புவெப்ளோ மாலுமியரின் விரல் தாழ்த்தப்பட்டோர் தம் மானம் காக்க எழுந்தது. இரண்டும் வசையே. ஆதலின் இழிசைகையை எடைபோடும்போது, நீட்டிய விரலை மட்டும் நோக்காது, யார் எந்நிலையில் யாரை நோக்கி நீட்டினர் என்பதையும் கருதுதல் முறையாகும்.