ஆண் மரம் தேடி ஏறியவர்கள்

யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் பேரீச்சந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் அதைத் தோட்டக்காரரிடம் வாரத்துக்கு விடுகிறார். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு சொந்தக்காரருக்கு, ஒரு பங்கு தோட்டக்காரருக்கு. அதற்கு அவர் செய்யவேண்டிய வேலையைச் சட்டமே குறிப்பிட்டுச் சொல்கிறது: மரங்களுக்கு மகரந்தம் சேர்க்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டு விளைச்சல் குறைந்தால், பக்கத்துத் தோப்பு என்ன காய்த்ததோ அந்தக் கணக்குப்படி சொந்தக்காரருக்கு அளந்தாக வேண்டும்.

பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத் தொகுப்பில் 64, 65ஆம் விதிகள் இவை. கி.மு. 1750ஐ ஒட்டிய காலத்தில், இரண்டேகால் மீட்டர் உயரக் கருங்கல்லில் ஆப்பெழுத்துகளால் செதுக்கப்பட்டவை. ஈரானின் சூசா நகர இடிபாடுகளில் 1901-02இல் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் அந்தக் கல்லைக் கண்டெடுத்தார்கள். இன்று அது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கண்ணுக்குக் கண் வாங்கும் தண்டனைக்காகவே அது உலகப்புகழ் பெற்றது. ஆனால் உயிரியலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் அத்தியாயத்தில் வைக்கவேண்டியவை தோப்பு பற்றிய இந்த இரண்டு விதிகள்தான்.

நம் ஊர்ப் பனையைப்போலவே பேரீச்சையிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பழம் தருவது பெண் மட்டுமே. காற்று மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும்தான். ஆனால் காற்றை நம்பினால் தோப்பு நிறைய ஆண் மரங்களை நட்டு, அத்தனைக்கும் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். பாலைவன ஓரத்தில் வாய்க்கால் வெட்டிப் பிழைத்தவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. கையால் சேர்த்தால் ஏறத்தாழ ஐம்பது பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் போதும். வெடித்த ஆண் பாளையிலிருந்து பூச்சரங்களை வெட்டியெடுத்து, பெண் மரத்தில் ஏறி, அப்போதுதான் விரிந்த பாளைக்குள் இரண்டு மூன்று சரங்களைச் செருகிக் கட்டிவிடுவார்கள். பெண் பாளை வெடித்த சில நாட்களுக்குள் வேலை முடிய வேண்டும். தவறினால் விதையில்லாத, சதைப்பற்றில்லாத சிறு காய்கள்தான் மிஞ்சும்.

அந்தச் சிறு காய்கள்தான் ஆசிரியர்கள். மகரந்தம் பட்ட குலை ஒரு பக்கம், படாத குலை மறுபக்கம் என்று ஒரே மரத்தில் இரண்டும் கண்முன் தொங்கும்போது, காரணமும் விளைவும் தாமே பிரிந்து தெரிந்திருக்கும். முதலில் கவனித்தவர் யார் என்று எந்தக் களிமண் பலகையும் சொல்லவில்லை. பல தலைமுறைகள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவாகத்தான் அது இருக்க வேண்டும். ஹம்முராபி காலத்தில் அது வழக்கு மன்றம் வரை வந்து நின்றுவிட்டது. செய்தால் காய்க்கும், செய்யாவிட்டால் குறையும் என்பதில் நீதிபதிக்கும் சந்தேகம் இல்லை. அதனால்தான் நட்ட ஈட்டைக் கணக்கிட முடிந்தது.

அவர்கள் அறிந்த இன்னொன்றும் சாதாரணமானதல்ல. பேரீச்சை விதையைப் போட்டால் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி ஆணாக முளைக்கும். எது ஆண், எது பெண் என்று பூக்கும்வரை தெரியாது. மசாடா கோட்டை அகழாய்வில் கிடைத்த, சுமார் 2,000 ஆண்டுப் பழைய பேரீச்சை விதை ஒன்றை இஸ்ரேலின் கெத்தூராவில் 2005இல் முளைக்க வைத்தார்கள். மெத்தூசலா என்று பெயரிட்ட அந்தக் கன்று 2011இல் பூத்தபோதுதான் ஆண் என்று தெரிந்தது. ஒரு குடியானவர் அத்தனை ஆண்டு காத்திருந்து ஏமாற முடியுமா? மரத்தின் அடியில் கிளம்பும் பக்கக் கன்றைப் பிரித்து நடுவதே தோப்புக்காரர்களின் வழி. தாய்மரம் பெண் என்றால் கன்றும் பெண், பழமும் அதே ருசி. ஹம்முராபியின் 60ஆம் விதி, புதுத் தோப்பைத் தோட்டக்காரர் நான்கு ஆண்டு வளர்க்க வேண்டும், ஐந்தாம் ஆண்டில் விளைச்சலைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும் என்கிறது. பக்கக் கன்று காய்ப்புக்கு வரும் காலத்தோடு இந்தக் கணக்கு பொருந்துகிறது. அடுத்தவர் தோப்பில் ஒரு மரத்தை வெட்டினால் அரை மினா, அதாவது ஏறத்தாழக் கால் கிலோ வெள்ளி அபராதம். ஒரு மரத்துக்குள் எத்தனை ஆண்டு உழைப்பு இருந்தது என்பதை அந்தத் தொகையே சொல்லும்.

அசிரிய மன்னர் இரண்டாம் அஷுர்நசிர்பாலின் நிம்ருத் அரண்மனைச் சிற்பங்களில், சிறகு முளைத்த தேவர்கள் ஒரு கையில் வாளியும் மறுகையில் கூம்புபோன்ற பொருளும் ஏந்தி மரத்தின் அருகே நிற்கிறார்கள். அது பேரீச்சைக்கு மகரந்தம் சேர்க்கும் காட்சி என்று மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் 1890இல் விளக்கம் சொன்னார். தீட்டு நீக்கும் சடங்கு என்போரும் உண்டு. மரம் இல்லாத இடங்களிலும், அரசருக்கு அருகிலும் அதே கூம்பு நீட்டப்படுவதால் இரண்டாவது விளக்கமே வலுவாகத் தெரிகிறது.

எழுத்தறிந்த வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்தபோது என்ன ஆனது? கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரடோட்டஸ், பாபிலோனியர் ஆண் மரத்தின் காய்களைப் பெண் மரத்தில் கட்டுவதாகவும், அவற்றிலிருந்து பூச்சி புகுந்து பழத்தைப் பழுக்க வைப்பதாகவும் எழுதினார். அத்தி மரத்தில் நடப்பதைப் பேரீச்சையில் ஏற்றிவிட்டார். செடிகளில் ஆணும் பெண்ணும் பிரிந்திருப்பதில்லை என்றார் அரிஸ்டாட்டில். அவருக்குப் பின் வந்த தியோஃப்ராஸ்டஸ்தான், ஆண் பாளையை வெட்டிப் பூவையும் தூளையும் பெண் பாளைமேல் உதறுவதைச் சரியாகப் பதிவுசெய்தார். அவரும் அதை எல்லாச் செடிகளுக்கும் பொதுவான விதியாக விரிக்கவில்லை. தோட்டக்காரரும் விரிக்கவில்லைதான், அவருக்குத் தெரிந்தது பேரீச்சை, அவர் வாழ்க்கைக்கு அது போதும்.

அந்த விரிவு நிகழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1580களில் எகிப்தில் மருத்துவராக இருந்த இத்தாலியர் ப்ராஸ்பெரோ அல்பினி, பேரீச்சைத் தோப்புகளில் நேரில் பார்த்ததைத் தன் நூலில் எழுதினார். 1694இல் ஜெர்மனியின் டூபிங்கனில் ருடால்ஃப் கமெராரியஸ், ஆமணக்கின் ஆண் பூக்களை விரியுமுன் கிள்ளி எறிந்து, முளைக்கும் வித்து ஒன்றும் தேறவில்லை என்று காட்டினார். செடிகளுக்குப் பால் உண்டு என்பது அன்றுதான் அறிவியலானது.

பெர்லின் அரசத் தோட்டத்தில் நெடுங்காலமாகக் காய்க்காமல் நின்ற பெண் விசிறிப்பனை ஒன்றுக்கு, 1749இல் க்ளெடிட்ச் என்ற தாவரவியலாளர் லைப்சிக் நகரிலிருந்து மகரந்தத்தை வரவழைத்துத் தூவினார். பழம் பிடித்தது, வித்தும் முளைத்தது. ஊர்விட்டு ஊர் வந்த தூள் பலன் தந்ததைக் கண்டு ஐரோப்பா வியந்தது. ஆண் பூச்சரங்களை உலர்த்திவைத்து, பிந்திப் பூக்கும் பெண் மரங்களுக்குப் பயன்படுத்துவது அரேபியத் தோப்புகளில் இன்றும் வழக்கம்.

(தொடரும்)