வீட்டிலிருந்தே எலக்ட்ரானிக்ஸ் கிட் வெளிநாட்டுக்கு விற்கலாமா? லாபத்தை விழுங்கும் சுங்க வரி... தெரிஞ்சுக்க வேண்டிய விதிகள் என்னென்ன?

குட்டி சர்க்யூட் போர்டு, நாலு ரெசிஸ்டர், ரெண்டு எல்.இ.டி., ஒரு ஐசி. இதையெல்லாம் ஒரு கவரில் போட்டு, "நீங்களே சால்டரிங் பண்ணிக்கோங்க" என்று விற்பதுதான் ஹாபி எலக்ட்ரானிக்ஸ் கடை. வீட்டில் ஒரு மேஜையும் ஒரு இணையதளமும் இருந்தாலே தொடங்கிவிடலாம். வாங்குபவர் சேலத்திலும் இருக்கலாம், சிங்கப்பூரிலும் இருக்கலாம்.

ஆனால் பார்சல் நாடு தாண்டும்போதுதான் சிக்கலே ஆரம்பிக்குது. விற்ற பொருளின் விலையைவிட, அதை அனுப்பும் செலவும் வரியும் அதிகமாகிவிடும் தொழில் இது. அதனால், கடை போடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்களைப் பார்க்கலாம்.

இது உண்மையிலேயே ஓடுற தொழிலா?

ஓடும். இந்தத் துறையில் இன்று பெரிய பெயராக இருக்கும் இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் மாணவர்கள் தொடங்கியவைதான். ஸ்பார்க்ஃபன் நிறுவனத்தை நேதன் சைடில் 2003-ல் கொலராடோவில் கல்லூரியில் படிக்கும்போதே தொடங்கினார். அடாஃப்ரூட் நிறுவனத்தை லிமோர் ஃப்ரீட் 2005-ல் எம்.ஐ.டி.யில் இருந்தபோது தொடங்கினார். தனி ஆட்கள் உருவாக்கும் போர்டுகளை விற்பதற்கென்றே டிண்டி என்ற சந்தைத் தளம் 2012-ல் வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய சாதாரண ரெசிஸ்டரையும் சென்சாரையும் அப்படியே வெளிநாட்டுக்கு விற்றால் எடுபடாது. சீனாவின் ஷென்ஜென் நகரக் கடைகள் அதே பொருளை இன்னும் குறைந்த விலைக்கு நேரடியாக அனுப்புகின்றன. நீங்களே வடிவமைத்த போர்டு, அதற்கான கோடு, படம் போட்ட செய்முறை விளக்கம்... இவற்றுக்குத்தான் வெளிநாட்டில் காசு கொடுப்பார்கள்.

என்னென்ன பதிவு வேணும்?

முதலில் ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி-இறக்குமதி எண். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கலாம். பான் எண்ணும் வங்கிக் கணக்கும் போதும், கம்பெனி தொடங்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் மாதத்துக்குள் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். எந்த மாற்றமும் இல்லை என்றாலும் செய்யணும். மறந்தால் எண் செயலிழந்துவிடும்.

அடுத்து ஜி.எஸ்.டி. "40 லட்சம் ரூபாய் விற்பனை வரை பதிவு வேண்டாமே" என்று பலரும் நினைக்கிறார்கள். ஏற்றுமதி என்பது சட்டப்படி மாநிலம் தாண்டிய விற்பனை. அதனால் இந்த வரம்பை நம்பி இருக்க முடியாது. அதேநேரம், ஏற்றுமதிக்கு வரி விகிதம் பூஜ்யம். ஒவ்வொரு நிதியாண்டும் எல்.யு.டி. என்ற உறுதிக் கடிதத்தை ஆன்லைனில் தாக்கல் செய்தால், வரி கட்டாமலேயே பொருளை அனுப்பலாம்.

தபாலா? கொரியரா?

சின்ன பார்சலுக்குத் தபால்தான் பெரும்பாலும் கட்டுப்படியாகும். 2022 முதல் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்ற ஏற்றுமதி மையங்களை அஞ்சல் துறை நடத்துகிறது. ஏற்றுமதிக்கான தபால் பில்லை ஆன்லைனிலேயே நிரப்பிவிட்டு, பார்சலை உங்கள் ஊர்ப் பக்கத்து மையத்தில் கொடுக்கலாம். இதற்காகத் துறைமுகமோ விமான நிலையமோ போக வேண்டியதில்லை.

கொரியர் வேகமாகப் போகும். ஆனால் எடையோடு பெட்டியின் அளவையும் கணக்கில் எடுப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலான முறை. ஒரு உதாரணம் பாருங்க. 300 கிராம் கிட் ஒன்றை 30×20×15 அளவுப் பெட்டியில் வைத்தால் 1.8 கிலோவுக்குக் காசு கட்டணும். அதே கிட்டை 20×15×5 பெட்டியில் அடக்கினால் 300 கிராமுக்குக் கட்டினால் போதும். பெட்டியை மாற்றினாலே லாபம் மிஞ்சும்!

வாசல்ல வரி கட்டுறது யாரு?

இந்தத் தொழிலின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கு. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இறக்குமதி வரியை வாங்குபவர் கட்டுவது. இரண்டாவது, விற்பவரே முன்கூட்டிக் கட்டி அனுப்புவது.

முதல் வழி விற்பவருக்குச் சுலபம் மாதிரி தெரியும். உதாரணத்துக்கு, 20 டாலர் கிட் ஒன்றை ஆர்டர் செய்தவரிடம் கொரியர்காரர் வந்து "வரியும் கையாளும் கட்டணமும் சேர்த்து 15 டாலர் கொடுங்க" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "எனக்கு வேணாம்" என்று அவர் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்? போன தபால் செலவு போச்சு. திரும்பி வரும் செலவும் உங்கள் தலையில் விழலாம். அவர் பணத்தைத் திரும்பக் கேட்டால் அதையும் கொடுக்கணும். ஒரே ஒரு பார்சல் திரும்பினால், அதற்கு முன் அனுப்பிய நாலைந்து பார்சலின் லாபம் காலி.

திரும்பி வரும் பொருளுக்கு இந்தியச் சுங்கத்திலும் கேள்வி வரும். 'இது இங்கிருந்து போன பொருள்தான்' என்று காட்ட ஏற்றுமதி ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

எந்த நாட்டுக்கு என்ன விதி?

அமெரிக்கா: 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த வரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. அந்தக் குழப்பத்தில் இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்கப் பார்சல் புக்கிங்கையே பெரும்பாலும் நிறுத்தியது. அக்டோபர் 15-ல் சேவை மீண்டும் தொடங்கியபோது, புக்கிங் செய்யும் இடத்திலேயே சுங்க வரியை வசூலிக்கும் முறை வந்தது. வரி விகிதம் அடிக்கடி மாறுவதால், விலை சொல்வதற்கு முன் அன்றைய விகிதத்தைப் பார்த்துவிடுங்க.

ஐரோப்பிய யூனியன்: 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கு 2021 ஜூலை 1-ல் முடிந்தது. 150 யூரோ வரையிலான பொருளுக்கு, விற்கும்போதே வாட் வசூலித்துக் கட்டும் ஐ.ஓ.எஸ்.எஸ். என்ற முறை இருக்கிறது. இந்தியாவிலிருந்து பதிவு செய்ய அங்கே ஒரு இடைத்தரகர் தேவை. 2024 டிசம்பர் 13 முதல் இன்னொரு விதியும் சேர்ந்தது. பொருளின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரும் முகவரியும் யூனியனுக்குள் இருக்க வேண்டும். ஒற்றை ஆள் கடைகளுக்கு இது பெரிய சுமை.

பிரிட்டன்: 135 பவுண்டு வரையிலான பார்சலுக்கு விற்பவரே வாட் பதிவு செய்து கட்ட வேண்டும். ஈபே, எட்ஸி போன்ற தளம் வழியாக விற்றால் அந்தத் தளமே வசூலித்துக் கட்டிவிடும். சின்னக் கடைக்கு இதுதான் சுலபம்.

சிங்கப்பூர், ஆஸ்திரேலியா: சின்ன விற்பனையாளருக்குச் சாதகமான நாடுகள் இவை. 400 சிங்கப்பூர் டாலர் வரையிலும், 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலும் வரும் பொருளுக்கு வாசலில் வரி கேட்பது வழக்கமில்லை. அந்த நாட்டு ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்யும் கட்டாயமும் பெரிய அளவில் விற்பவர்களுக்குத்தான்.

பார்சலில் எதைப் போடக்கூடாது?

* பேட்டரி: தனியாக லித்தியம் பேட்டரியைத் தபாலில் அனுப்ப முடியாது. பயணிகள் விமானத்தில் லித்தியம்-அயன் பேட்டரியைத் தனிச் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதலே தடை. கிட்டில் பேட்டரி ஹோல்டர் மட்டும் வையுங்கள். பேட்டரியை அவர்கள் ஊரிலேயே வாங்கிக்கொள்ளட்டும்.
* ஈயம் கலந்த சால்டர்: ஐரோப்பாவுக்குப் போகும் எலக்ட்ரானிக்ஸ் பொருளில் ஈயத்துக்குக் கடும் கட்டுப்பாடு இருக்கு. ஈயம் இல்லாத சால்டரையே பயன்படுத்துங்கள்.
* ட்ரோன் பாகங்கள், சில வகை சென்சார்கள்: இவை 'ஸ்கோமெட்' என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் வரலாம். அப்படி வந்தால் தனி அனுமதி வேணும்.

"கிஃப்ட்னு போட்டுடுங்க, விலையைக் குறைச்சு எழுதுங்க" என்று சில வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். செய்யாதீங்க! அது பொய்யான சுங்க அறிவிப்பு. பார்சல் தொலைந்தால் இழப்பீடும் எழுதிய விலைக்குத்தான் கிடைக்கும்.

பொருளின் பெயரையும் தெளிவாக எழுதணும். வெறும் 'எலக்ட்ரானிக்ஸ்' என்று எழுதினால் பார்சல் சுங்கத்தில் நின்றுவிடலாம். சரியான எச்.எஸ். எண்ணும் முக்கியம். ரெசிஸ்டருக்கு 8533, கெபாசிட்டருக்கு 8532, பாகம் பொருத்தாத வெறும் போர்டுக்கு 8534, ஐசிக்கு 8542 எனத் தொடங்கும். பாகங்கள் பொருத்திய போர்டுக்கு, அது செய்யும் வேலையைப் பொறுத்து எண் மாறும்.

பணம் வந்த பிறகும் கவனம்!

பேபால் வழியாக வாங்கியவர், பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள் வரை புகார் கொடுக்கலாம். டிராக்கிங் இல்லாமல் அனுப்பினால், பொருள் போய்ச் சேர்ந்தது என்று நிரூபிக்க வழியே இல்லை. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் மொத்தத்தையும் இழக்காதீங்க. வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான வங்கிச் சான்றையும் ஒவ்வொரு ஆர்டரின் இன்வாய்ஸோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதுசா தொடங்குறவங்க என்ன செய்யலாம்?

* எல்லா நாட்டுக்கும் கடையைத் திறக்காதீங்க. விதி நன்றாகத் தெரிந்த இரண்டு, மூன்று நாடுகளோடு தொடங்குங்கள்.
* வரியை யார் கட்டுவது என்பதை, பணம் கட்டும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் சொல்லிவிடுங்கள்.
* ஐசி, போர்டு போன்றவற்றை ஆன்டி-ஸ்டாட்டிக் கவரில் போடுங்கள். சாதாரண பிளாஸ்டிக் கவரில் உருவாகும் நிலைமின்சாரமே ஐசியைக் கெடுத்துவிடும்.
* திரும்பி வரும் பார்சலுக்கும் சேர்த்து விலை வையுங்கள். பத்தில் ஒன்று திரும்பினாலும் கடை தாங்குமா என்று முதலிலேயே கணக்குப் போட்டுப் பாருங்க. தாங்கும் என்றால் மட்டும் அந்த நாட்டுக்கு ஆர்டர் எடுங்கள்.