நீ சூன் முகாமும் ஒரு நாவலின் சிரிப்பும்

நாம் இன்று ஈசூன் என்று வழங்கும் ஊரின் பழைய பெயர் நீ சூன். ரப்பர், அன்னாசித் தொழில்களில் பொருளீட்டிய லிம் நீ சூனின் பெயர் அது. மாண்டரின் ஒலிப்பில் ஈசூன் ஆயிற்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், ஃபேரர் பார்க்கில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கான முகாம்களுள் நீ சூனும் ஒன்று. பின்னர் செங்கோட்டையில் விசாரிக்கப்பட்ட ஷா நவாஸ் கான் அம்முகாமுக்குப் பொறுப்பாளராயிருந்தவர். 1943 அக்டோபர் 21 அன்று கேத்தே திரையரங்கில் நேதாஜி சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தபோது, தோட்டத் தொழிலாளத் தமிழரும் அப்படையில் திரண்டிருந்தனர்.

இதை எழுதத் தூண்டியவர் என் மாணவர் ஒருவரின் தந்தையார். டெர்ரி பிராட்செட்டின் 'ஜிங்கோ' (1997) போன்ற நூல் தமிழில் உண்டா என்று வினவினார். கடலினின்று திடீரென எழுந்த தீவுக்காக இரு நாடுகள் போருக்குக் கிளம்பும் வேடிக்கைக் கற்பனை அது. நான் கொடுத்தது மாயக்கதை அன்று, ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972).

சிங்காரம் சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் மேடான் சென்று வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். திரும்பி வந்தபின் மதுரையில் தினத்தந்தியில் பணியாற்றினார். எழுதிய நாவல்கள் இரண்டே. (நம் பாடநூல்கள் அவருக்கு இன்னும் சற்று இடம் தந்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.) ஜப்பானியர் மேடானுக்குள் நுழையும் நாளின் கொடுமையைச் சற்றும் குரல் உயர்த்தாமல் சொல்கிறார். கதைத்தலைவன் பாண்டியன் இந்திய தேசிய இராணுவத்தில் சேருகிறான். நண்பர்களுடன் கூடும்போதோ தமிழரின் பழம்பெருமைப் பேச்சைக் குத்திக் கிழிக்கிறான். கடல் கடந்து கணக்கெழுதிப் பிழைக்கும் இளைஞர்கள் முன்னோர் வெற்றியைப் பாடுவதிலுள்ள முரண் அங்கே சிரிப்பாகிறது. கடாரம் வென்ற சோழனைப் பற்றி மாணவருக்குப் பேச்சுப்போட்டி உரைகள் எழுதித் தரும் எனக்கு, அப்பகுதிகளைப் படிக்கையில் முகம் சிவக்கும்.

இரு வாரங்கள் கழித்து அத்தந்தையார் வந்தார். அவருடைய பாட்டனார் ஜொகூர்த் தோட்டத்திலிருந்து அப்படைக்குச் சென்றவராம். "அப்படியானால் என் தாத்தா ஏமாந்தவரா, ஐயா?" என்றார்.

உடனே விடை வரவில்லை. பிறகு சொன்னேன்: சிங்காரம் சிரிப்பது மேடையைப் பார்த்து, படையில் போய்ச் சேர்ந்தவனைப் பார்த்து அன்று. அவருடைய முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்' (1959) இதற்குச் சான்று. படையிலிருந்து திரும்பிய செல்லையாவுக்குப் பழைய முதலாளி தம் மகளைக் கொடுக்க மறுக்கிறார். துப்பாக்கி பிடித்த கை பேரேட்டுக்கு ஆகாதாம். அந்த இளைஞனின் துயரத்தில் ஏளனம் துளியுமில்லை.

எஸ்பிளனேடில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய வீரர் நினைவுச் சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர் தகர்த்தனர். 1995இல் அங்கே ஒரு நினைவுப் பலகை எழுந்தது. மகனை அழைத்துச் சென்று காட்டப்போவதாக அவர் சொல்லியிருக்கிறார். நூலை இன்னும் திருப்பித் தரவில்லை.