இளைப்பாறுதலும் சுமைதாங்கியும்

'இளைப்பாறுதல்' என்பது 'இளைப்பு', 'ஆறு' ஆகிய இரண்டும் சேர்ந்த சொல். இளைத்தல் உடல் மெலிவதையும் உழைப்பால் மூச்சு வாங்கித் தளர்வதையும் ஒருசேரக் குறிக்க, ஆறுதல் என்பது சூடும் புண்ணும் சினமும் பசியும் மெல்லத் தணிவதைக் குறிக்கிறது. வேலையை விட்டு நிற்றலுக்கு 'ஓய்வு' என்ற சொல் போதும். ஏறிய தளர்ச்சி இறங்கும் வரை காத்திருப்பதே இளைப்பாறுதல். ஈழத்தில் பணிக்காலம் முடித்தவரை 'இளைப்பாறிய ஆசிரியர்' என்று கனிவோடு அழைப்பதிலும் இப்பொருளே நிலைத்திருக்கிறது.

அவ்வாறு காத்திருப்பதற்கான இடத்தைத் தமிழர் கல்லில் அமைத்தனர். புதுக்கோட்டை வட்டாரத்திலும் பழைய வழிகளின் ஓரம் காணப்படும் சுமைதாங்கி, நட்ட இரு கற்களின்மேல் மற்றொரு கல்லைக் கிடத்திய எளிய அமைப்பு. தலையில் சும்மாடு வைத்து நெல்லோ விறகோ சுமந்து தனியே நடப்பவர், தரையில் இறக்கினால் மீண்டும் தூக்கிவிட ஆள் வேண்டியிருக்கும் என்பதால், சுமையை அக்கல்லின்மேல் சரித்துவைத்து, மூச்சு தணிந்தபின் பிறர் துணையின்றியே ஏற்றிக்கொண்டு நடையைத் தொடர்வார். பிள்ளையைப் பெறாமலே கருவோடு இறந்த பெண்ணின் நினைவாக, அவள் இறக்க முடியாமற்போன சுமைக்கு ஈடாக, உறவினர் இக்கல்லை நடுவது வழக்கமாக இருந்தது. ஒரு வீட்டின் தீராத் துயரை ஊர் பேர் அறியாத வழிப்போக்கரின் ஆறுதலாக மாற்றிய இவ்வழக்கம் தமிழர் அறங்களுள் மிக உயர்ந்தது.

மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில், பாரம் சுமந்து வருந்துவோரை அழைக்கும் இயேசு அவர்களுக்குத் தருவதாகச் சொல்வதை, 1871இல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பும் 1995இல் வெளிவந்த திருவிவிலியமும் 'இளைப்பாறுதல்' என்றே குறிக்கின்றன. அழைப்பு அத்துடன் முடியாமல், தம் நுகத்தை, அதாவது உழவு மாடுகளின் கழுத்தில் பூட்டும் மரத்தை, ஏற்றுக்கொள்ளும்படி அடுத்த வசனம் கூறுவதால், அங்கே பேசப்படுவது சுமையற்ற வாழ்வு அன்று, தாங்கக்கூடிய சுமையோடு தொடரும் வாழ்வே. சுமைதாங்கியை அறிந்த மக்களுக்கு இது விளக்கமின்றியே விளங்கியிருக்கும்.

பணியால் உள்ளம் எரிந்து தீர்ந்த நிலையை இராஜாக்களின் முதல் நூல், 19ஆம் அதிகாரத்தில், எலியாவின் கதையாகச் சொல்கிறது. தனக்குச் சாவு வரட்டும் என வேண்டி ஒரு செடியின் கீழ்ப் படுத்த அத்தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது கண்டனமோ போதனையோ அன்று. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் உறக்கமும், பிறகு மீண்டும் அடையும் தண்ணீருமே. இறைவன் அவரோடு உரையாடியது அதன் பின்னரே. சோர்வை விசுவாசக் குறைவாகக் கருதிக் கடிந்துகொள்ளும் ஊழியர்கள் இவ்வரிசையைக் கவனிக்க வேண்டும். உண்ணவும் நேரமின்றி உழைத்த சீடரைத் தனித்த இடத்தில் சற்றே இளைப்பாற இயேசு அழைத்ததாக மாற்கு நற்செய்தியும் கூறுகிறது.

தமிழ்க் கத்தோலிக்கரிடையே 'இளைப்பாறுதல்' என்னும் சொல்லுக்கு 'நித்திய இளைப்பாற்றி' என்னும் மற்றொரு வடிவம் உண்டு. அது இறந்தோருக்காக வேண்டும் முடிவில்லா அமைதி. இவ்வழக்கு அழகியதே எனினும், வாழ்வோருக்கென உரைக்கப்பட்ட வாக்கைக் கல்லறைத் தோட்டத்தோடு நிறுத்திவிடுவது இழப்பாகும்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல், தீராத பணி அழுத்தத்தால் விளையும் சோர்வைத் தனி நோயாகக் கொள்ளாமல் பணிச்சூழலோடு தொடர்புடைய நிலையாகவே வரையறுத்தது. தனியொருவரின் மனவுறுதியால் மட்டும் இச்சோர்வு தீராது என்பதை யாத்திராகமத்தின் 23ஆம் அதிகாரம் முன்பே அறிந்திருந்தது: ஏழாம் நாளில் உரிமையாளன் ஓய்ந்திருக்க வேண்டும் என்று விதிக்கும் அப்பகுதி, அதற்குக் காரணமாக அவனுடைய களைப்பைக் கூறாமல், அவனுடைய மாடும் கழுதையும், அடிமைப்பெண்ணின் பிள்ளையும், அயலிலிருந்து வந்தவனும் இளைப்பாற வேண்டும் என்பதையே கூறுகிறது.