நாற்பதாயிரம் டாக்டர்களும் எங்கள் தாத்தாவின் பீடியும்

சிகரெட், பீடி பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் ஒரு முடிவான வாதம் உண்டு. "நம்ம தாத்தா நாளைக்கு ரெண்டு கட்டு பீடி குடிச்சாரு. 88 வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு." அதோடு பேச்சு முடிந்துவிடும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாத்தா இருப்பார்.

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. தாத்தா இருந்தது உண்மை, பீடி குடித்ததும் உண்மை. பாக்கெட் மேல் அச்சடித்திருக்கும் எச்சரிக்கையும் உண்மை என்றால், அது முதன்முதலில் யாருக்கு, எப்படித் தெரிந்தது? புகைப்பது பல நூற்றாண்டுப் பழக்கம். சிகரெட்டுக்கும் சாவுக்கும் நடுவில் முப்பது நாற்பது வருஷ இடைவெளி இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் இருக்கும் இரண்டு விஷயங்களை எப்படி முடிச்சுப் போட்டார்கள்? அதைத் தேடிப் போனபோது கிடைத்த கதை இது.

எல்லாரும் புகைத்த நாடு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1922-ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்ததாகப் பதிவானவர்கள் 612 பேர். 1947-ல் 9,287 பேர். 25 வருஷத்தில் 15 மடங்கு. எக்ஸ்ரே வந்துவிட்டது, முன்பு கண்டுபிடிக்காத நோயை இப்போது கண்டுபிடிக்கிறார்கள், அவ்வளவுதான் என்று சிலர் சொன்னார்கள். தார் ரோடு, மோட்டார் வண்டிப் புகை, தொழிற்சாலைப் புகை என்று வேறு சிலர் காரணம் தேடினார்கள்.

பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இந்த வேலையை ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லிடம் கொடுத்தது. ஹில் டாக்டர் இல்லை. முதல் உலகப் போரில் விமானியாக இருந்தவர், அங்கே காசநோய் வாங்கிக்கொண்டு திரும்பியவர். நோயிலிருந்து தேறிவந்த காலத்தில் அஞ்சல் வழியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, புள்ளியியலுக்கு வந்தார். உதவிக்கு அவர் சேர்த்துக்கொண்டவர் ரிச்சர்ட் டால் என்ற இளம் டாக்டர். டாலுக்குச் சந்தேகம் எல்லாம் தார் ரோட்டின் மேலும் வண்டிப் புகையின் மேலும்தான். அவரே சிகரெட் பிடிப்பவர்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைய பிரிட்டனில் ஆண்களில் ஐந்தில் நான்கு பேர் புகைத்தார்கள். என் தொழில் பாஷையில் சொன்னால், எல்லா சர்வரிலும் ஒரே லைப்ரரி ஓடினால் அந்த லைப்ரரியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். விழுந்த சர்வரிலும் அது இருக்கிறது, நன்றாக ஓடுகிற சர்வரிலும் அது இருக்கிறது. அப்புறம் அதை எப்படிக் குற்றவாளி ஆக்குவது?

709-க்கு 709

லண்டனின் 20 மருத்துவமனைகளில் இருந்து 709 நுரையீரல் புற்றுநோயாளிகளை எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஜோடியாக, அதே பாலினத்தில், அதே வயதுப் பிரிவில், வேறு நோய்க்கு வந்த ஒரு நோயாளி. எல்லாரிடமும் ஒரே கேள்விகள். முடிவு 1950 செப்டம்பர் 30 அன்று 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளிவந்தது.

புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைக்காதவர்கள் 2 பேர். ஒப்பிட எடுத்த 649 ஆண்களில் புகைக்காதவர்கள் 27 பேர். வித்தியாசம் இவ்வளவுதானா என்று தோன்றும். எல்லாரும் புகைக்கும் ஊரில் அவ்வளவுதான் தெரியும். ஆனால் அவர்கள் 'புகைப்பவரா, இல்லையா' என்பதோடு நிறுத்தவில்லை, 'எவ்வளவு' என்றும் கேட்டிருந்தார்கள். அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. புகைக்கும் அளவு கூடக் கூட ஆபத்தும் கூடியது. 45 வயதுக்கு மேல், நாளைக்கு 25 சிகரெட்டுக்கு மேல் பிடிப்பவருக்கு, புகைக்காதவரைப் போல சுமார் 50 மடங்கு ஆபத்து இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள்.

இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. 'கேள்வி கேட்டவர்களுக்கு இவர் புற்றுநோயாளி என்று முன்பே தெரியும், அதனால் சிகரெட் பற்றித் துருவித் துருவிக் கேட்டிருப்பார்கள்' என்று யாரும் சொல்லலாமே? நியாயமான சந்தேகம்தான். அதற்குப் பதில் தற்செயலாகக் கையிலேயே இருந்தது. பேட்டி எடுக்கும்போது நுரையீரல் புற்றுநோய் என்று நினைத்த சிலருக்கு, பிறகு அது இல்லை என்று தெரியவந்தது. அவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்களுடைய புகைப்பழக்கம் புற்றுநோயாளிகளைப் போல இல்லை, மற்ற நோயாளிகளைப் போல இருந்தது! கேட்டவரின் மனச்சாய்வுதான் காரணம் என்றால் இவர்கள் கணக்கும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டுமே. ஒருத்தர் கண்டுபிடிப்பை அவரே உடைத்துப் பார்ப்பது என்றால் இதுதான்.

இதற்கு நாலு மாதம் முன்பே அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் விண்டரும் எவார்ட்ஸ் கிரஹாமும் இதே முடிவை வெளியிட்டிருந்தார்கள். கிரஹாம் புகழ்பெற்ற நுரையீரல் அறுவை நிபுணர், பல வருஷமாகப் புகைத்தவர். ஆராய்ச்சிக்குப் பிறகு சிகரெட்டை விட்டார். 1957-ல் நுரையீரல் புற்றுநோயால்தான் இறந்தார். டாலும் தன் ஆராய்ச்சி நடக்கும்போதே சிகரெட்டை விட்டுவிட்டார்.

ஒரு கடிதம்

நோய் வந்தவரைப் பிடித்துப் பழைய கதை கேட்டது போதாது என்று ஹில்லுக்குத் தெரியும். இப்போது ஆரோக்கியமாக இருப்பவர்களிடம் கேட்டு வைத்துக்கொண்டு, காத்திருக்க வேண்டும். யாரிடம் கேட்பது? டாக்டர்களிடம். பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் காணாமல் போக மாட்டார், இறந்தால் தெரிந்துவிடும். 1951 அக்டோபர் கடைசியில் பிரிட்டனின் டாக்டர்களுக்கு ஒரு சின்னக் கேள்வித்தாள் போனது. சுமார் 40,000 பேர் பதில் எழுதினார்கள்.

ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 29 மாதத்தில், 35 வயதுக்கு மேற்பட்ட ஆண் டாக்டர்களில் 789 பேர் இறந்திருந்தார்கள். அதில் நுரையீரல் புற்றுநோய் 36. அந்த 36 பேரில் புகைக்காதவர் ஒருவர்கூட இல்லை.

1954 பிப்ரவரியில் பிரிட்டனின் சுகாதார அமைச்சர் இயன் மெக்லியோட் பத்திரிகையாளர்களைக் கூட்டி, புகைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக அரசு ஒப்புக்கொள்கிறது என்று அறிவித்தார். அந்தக் கூட்டம் முழுக்க அவர் சிகரெட் மேல் சிகரெட் பிடித்துக்கொண்டே இருந்தார்.

சந்தேகம் என்ற சரக்கு

இங்கேதான் கதை கசக்கிறது. 1953 டிசம்பரில் அமெரிக்க சிகரெட் கம்பெனித் தலைவர்கள் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் கூடினார்கள். ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தை அமர்த்தினார்கள். 1954 ஜனவரி 4-ல் 400-க்கு மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. ஆராய்ச்சிகள் இன்னும் முடிவான ஆதாரம் தரவில்லை, உங்கள் உடல்நலமே எங்கள் பொறுப்பு, ஆராய்ச்சிக்கு நாங்களே பணம் தருகிறோம் என்பது சாரம். 'சிகரெட் நல்லது' என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. 'இன்னும் உறுதியாகத் தெரியலியே' என்று ஜனங்கள் நினைத்தால் போதும், இன்னொரு பாக்கெட் விற்றுவிடும்.

நேர்மையாக எழுதுவதென்றால், எதிர்த்தவர்கள் எல்லாரும் சின்ன ஆட்கள் இல்லை. நவீன புள்ளியியலின் தந்தை என்று சொல்லத்தக்க ரொனால்டு ஃபிஷரே எதிர்த்தார். புகைக்கத் தூண்டுகிற, புற்றுநோயையும் கொடுக்கிற ஒரு மரபணு இருந்தால்? அப்போது சிகரெட் வெறும் அடையாளம்தானே, காரணம் இல்லையே என்றார். கேள்வி சரியான கேள்வி. அவர் பைப் புகைப்பவர், புகையிலைக் கம்பெனிகளின் அமைப்புக்கு ஆலோசகராகவும் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பதில் 1959-ல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் கொடுத்தார்கள். சாதாரணக் கணக்கு. புகைப்பவருக்கு 9 மடங்கு ஆபத்து என்று வைத்துக்கொள்வோம். இதை ஒரு மறைமுகக் காரணம் மட்டுமே உண்டாக்குகிறது என்றால், அந்தக் காரணம் புகைக்காதவர்களிடம் இருப்பதைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது 9 மடங்கு அதிகமாக இருந்தாக வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் காட்டுங்கள் என்றார்கள். யாராலும் காட்ட முடியவில்லை.

ஆனாலும் சந்தேக வியாபாரம் இன்னும் நாற்பது வருஷம் ஓடியது. 1990-களின் வழக்குகளில்தான் கம்பெனிகளின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. இன்று ஒரு கோடிக்கு மேல் இணையத்தில் கிடக்கின்றன. 2003-ல் உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் ஏற்கப்பட்டு 2005-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2004-லேயே உறுதி செய்தது. விளம்பரத் தடை, படத்தோடு எச்சரிக்கை, வரி எல்லாம் அதில் அடக்கம்.

டால் என்ன ஆனார்? விடவில்லை. 1954-ல் முதல் அறிக்கை, சரியாக 50 வருஷம் கழித்து 2004-ல் கடைசி அறிக்கை. அப்போது அவருக்கு வயது 91. முடிவு: புகைத்துக்கொண்டே இருப்பவர் சராசரியாக 10 வருஷம் முன்னதாக இறக்கிறார். 60 வயதில் விட்டால் 3 வருஷம் மீளும், 50-ல் 6, 40-ல் 9, 30-ல் விட்டால் ஏறக்குறைய பத்தும். நாற்பதைத் தாண்டிய எனக்கு இந்த வரியைப் படித்தபோது கொஞ்சம் உறைத்தது.

விழுப்புரம்

நம்ம ஊருக்கு வருவோம். 2003-ல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு. செய்தவர்கள் சென்னையின் கஜலட்சுமி, டாக்டர் கனகா, டாலின் சகாவான ரிச்சர்ட் பீட்டோ, பிரபாத் ஜா. சென்னையிலும் விழுப்புரம் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களையும், உயிரோடு இருந்த 35,000 ஆண்களையும் ஒப்பிட்டார்கள். செத்தவர் வீட்டுக்கே போய், அவர் புகைத்தாரா, எப்படி இறந்தார் என்று குடும்பத்தாரிடம் கேட்டார்கள்.

புற்றுநோய்தான் முதலில் நிற்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. பீடி, சிகரெட் குடித்தவர்கள் காசநோயால் இறக்கும் விகிதம் குடிக்காதவர்களைப் போல நாலு மடங்குக்கு மேல் இருந்தது. இந்தியாவில் ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் பாதிக்குப் புகைப்பது ஒரு காரணம் என்று முடிவுக்கு வந்தார்கள். லண்டனில் புற்றுநோயாக வந்தது, இங்கே டி.பி.யாக வந்திருக்கிறது. இறப்புக் காரணத்தில் டி.பி. என்று எழுதுவார்கள். பீடி எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இதைப் படித்த பிறகுதான் எனக்குத் தாத்தாவின் தம்பி ஞாபகம் வந்தார். நான் பார்த்ததில்லை, போட்டோகூட இல்லை. அவரும் பீடி குடிப்பவராம். நாற்பது சொச்சத்தில் 'காசம் வந்து போயிட்டாரு' என்று அம்மா சொல்லியிருக்கிறார். அவரைக் கொன்றது பீடிதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் ஆளை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது, டாலும் சொல்லியிருக்க மாட்டார். அதே நியாயம் 88 வயது தாத்தாவுக்கும் உண்டு.

ஆனால் ஒன்று. இத்தனை வருஷமாக எங்கள் வீட்டு வாதத்தில் தாத்தா மட்டும்தான் சாட்சியாக வந்துகொண்டிருந்தார். தம்பியை யாரும் கணக்கில் எடுத்ததே இல்லை. டாலும் ஹில்லும் செய்தது, யோசித்துப் பார்த்தால், அவ்வளவுதான்: ரெண்டு பேரையும் கணக்கில் எடுத்தார்கள்.