நீலப் பறவை எங்கிருந்து வந்தது?

மலர்க் குழுவிலிருந்து போன் வந்ததும், "சிப் டிசைன் பத்தி எழுதட்டுமா சார்?" என்றுதான் கேட்டேன். "அதை எழுத நூறு பேர் இருக்காங்கப்பா. சனிக்கிழமை சாயங்காலம் நீ என்னவோ பண்றியாமே, அதை எழுது" என்றார் சீனியர்.

அந்த 'என்னவோ' இதுதான். குரோம்பேட்டையில், நம்ம எம்.ஐ.டி. கேட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், என் மனைவி நீலப் பறவையர் குழு ஒன்றை நடத்துகிறாள். பத்து வயதுக்கு உட்பட்ட இருபது சிறுமிகள். கதை, வேஷம், நாடகம். அட்டையும் பசையும் பழைய புடவைகளும் சுமப்பவன் நான். சுமந்த இடத்தில் ஒரு கேள்வி முளைத்தது. டெல்லியில் இவர்களுக்குப் பெயர் புல்புல். தமிழில் மட்டும் ஏன் நீலப் பறவையர்? புல்புல் என்பது நம் தோட்டத்துக் கொண்டைக் குருவிதானே! அதன் உடம்பில் நீலம் எங்கே இருக்கிறது?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல், சின்னப் பையன்களுக்கென்று 1916-ல் குருளையர் பிரிவைக் கொண்டுவந்தபோது, கிப்ளிங்கின் ஜங்கிள் புக்கை அப்படியே எடுத்துக்கொண்டார். பையன்கள் ஓநாய்க் குட்டிகள், தலைவர் அகேலா. உட்கார்ந்து பாடம் கேட்கிற பிள்ளையை "நீ ஓநாய்" என்று சொல்லி எழுப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பதை மனுஷர் சரியாகப் பிடித்துவிட்டார். மத்தியப் பிரதேசத்து சியோனி காட்டுக் கதை இங்கிலாந்து போய், சுற்றிக்கொண்டு மறுபடி நம்ம ஊருக்கே வந்தது தனி வேடிக்கை.

சிறுமிகளுக்கு என்ன கிடைத்தது? இங்கிலாந்தில் 1914-ல் அவர்களுக்கு வைத்த பெயர் ரோஸ்பட்ஸ், அதாவது ரோஜா மொட்டுகள். அந்தப் பெயர் அவர்களுக்கே பிடிக்கவில்லை. 1915 வாக்கில் அது பிரவுனிகள் ஆனது. பிரவுனி என்பது ராத்திரியில் யாரும் பார்க்காதபோது வந்து வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டுப் போகிற குட்டிப் பூதம். ஜூலியானா ஹொரேஷியா யூயிங் என்ற எழுத்தாளர் 1865-ல் எழுதிய கதையிலிருந்து எடுத்தது. குழுத் தலைவி 'பிரவுன் ஆந்தை'. தரையில் ஒரு கண்ணாடியைக் குளமாக வைத்து, புதிதாகச் சேரும் பெண்ணைச் சுற்றிவிட்டு, "குளத்தில் பிரவுனி தெரிகிறதா பார்" என்பார்கள். அவள் முகம்தான் தெரியும். சடங்கு என்ற முறையில் எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனாலும் தம்பிக்கு வேட்டை, தங்கைக்கு விளக்குமாறா என்று கேட்கத் தோன்றுகிறது இல்லையா?

யூயிங்கின் கதையைத் தேடிப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மூலக் கதையில் வீட்டு வேலை செய்வது ஒரு ஏழைத் தையல்காரரின் இரண்டு மகன்கள், டாமியும் ஜானியும். ஆந்தையிடம் போய்க் குளத்தில் தன் முகத்தைப் பார்ப்பவனும் டாமிதான். சிறுமிகள் குழுவுக்கென்று கதையைத் திருப்பிச் சொன்னபோது, இரண்டு பையன்களில் ஒருவனை எடுத்துவிட்டு பெட்டி என்ற பெண்ணைச் சேர்த்துவிட்டார்கள்.

இந்தியாவில் சாரணியர் இயக்கம் 1911-ல் ஜபல்பூரில் தொடங்கியது. முதல் ஐந்து வருஷம் ஐரோப்பிய வம்சத்துப் பெண்களுக்கு மட்டும்தான். 1916-ல்தான் இந்தியச் சிறுமிகளுக்குக் கதவு திறந்தது. இங்கே பிரவுனிகளுக்கு வழங்கிய பெயர் புளூ பேர்ட்ஸ். சுதந்திரத்துக்குப் பிறகு 1950 நவம்பர் 7-ல் பாரத சாரண சாரணியர் அமைப்பு உருவாகி, 1951 ஆகஸ்ட் 15-ல் சாரணியரும் அதில் இணைந்தார்கள். இன்று அங்கே இவர்கள் புல்புல். நம்ம தமிழ் மட்டும் பழைய நீலத்தை விடவில்லை.

இதே காலத்தில் நம் மேடை எப்படி இருந்தது? பக்கத்துப் பம்மலைப் பெயரில் வைத்திருந்த சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையை ஆரம்பித்தார். வக்கீல்கள், படித்தவர்கள் நடித்த சபை. ஆனால் அங்கே ஸ்திரீ வேஷத்துக்குப் பேர் வாங்கியவர் ரங்கவடிவேலு. மதுரையில் 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய சபையிலும் சிறுவர்கள்தான். ஔவைப் பாட்டியாகவே நடித்து 'ஔவை' சண்முகம் ஆனார் டி.கே. சண்முகம். கும்பகோணத்தில் பெண்களையே வைத்துக் கம்பெனி நடத்திய பாலாமணி அம்மாள் பெரிய விதிவிலக்கு. குடும்பத்துப் பெண் மேடை ஏறினால் ஊர் வாய் சும்மா இருக்காத அந்தக் காலத்தில், ஒரு சிறுமி டிக்கெட் இல்லாமல், ஜனம் இல்லாமல், வட்டத்துக்குள் நின்று வேஷம் கட்ட ஒரு இடம் கிடைத்ததே, அது சின்ன விஷயமில்லை என்பது என் கட்சி.

ஜனம் இல்லாமல் என்பது முக்கியம். எங்கள் குழுவில் வசனம் மனப்பாடம் கிடையாது. என் மனைவி முக்காடு போட்டுக்கொண்டு, சாவியைத் தொலைத்த கிழவியாக வந்து உட்காருவாள். அடுத்து என்ன என்பது பிள்ளைகள் பாடு. வாயே திறக்காத ஒரு குட்டி, "நான் பூட்டு" என்றாள். அரை மணி நேரம் அவளைத் திறக்க மொத்தக் கூட்டமும் கெஞ்சியது. கடைசியில் தானாகத் திறந்துகொண்டாள், அதுவும் அவளாக வைத்த நிபந்தனைகளோடு!

போன வருஷம் ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்கு இதையே மேடையில் போடச் சொன்னார்கள். மைக், மேக்கப், இரண்டு மாத ஒத்திகை. "பூட்டு வேஷத்துக்கு நல்லாப் பேசற குழந்தையா போடுங்க மேடம்" என்று ஒரு யோசனை வேறு. மனைவி மாட்டேன் என்றுவிட்டாள். "ஏங்க, அந்தப் பொண்ணு பேசாததுனாலதானே பூட்டு!" பெற்றோர் சிலருக்கு வருத்தம், இரண்டு பேர் பிள்ளைகளை நிறுத்தியும்விட்டார்கள். நாடகமே வேண்டாம் என்பதில்லை. நம்ம எலெக்ட்ரானிக்ஸ்காரர் சுஜாதா எழுதிப் பூர்ணம் விஸ்வநாதன் போட்ட நாடகங்களுக்கு நான் பரம ரசிகன். ஆனால் எட்டு வயதுக்கு முதலில் விளையாட்டு, மேடை அப்புறம்.

இந்த மாதக் கடைசியில் பக்கத்துக் குருளையர் குழுவோடு ஒரு கூட்டு நிகழ்ச்சி. கதைகளை மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. எங்கள் இருபது பேரும் ஓநாய்கள். பையன்கள் தையல்காரர் வீட்டு டாமியும் ஜானியும். பல்லாவரம் சந்தையில் ஒரு டஜன் சின்னத் துடைப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். அகேலா யார் என்பதில்தான் மூன்று வாரமாகச் சண்டை ஓயவில்லை.