பழைய மொபெட்டும் புதிய மின்சாரமும்

பழைய மொபெட்டின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் மோட்டாரும் பேட்டரியும் பொருத்தி ஓட்டும் வழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளிலும் ஆங்காங்கே தலைகாட்டியிருப்பதைக் கண்டு, பழம்பொருள்களின் மேல் பற்றுள்ள சிலர் மனம் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானதே என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் மொபெட்டின் பூர்வ சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பவர்களுக்கு, வேறொரு காரியத்துக்காகச் செய்யப்பட்ட யந்திரத்தை எடுத்து, யந்திரம் தாங்குவதற்கென்று செய்யப்படாத ஒரு சட்டத்தில் பூட்டிப் பார்த்த கைகளிலேதான் அந்த வாகனம் பிறந்தது என்பது விளங்கும்.

1946-ஆம் ஆண்டில், யுத்தத்தில் தோற்று, உண்பதற்கும் எரிப்பதற்கும் பண்டமின்றித் தவித்துக்கொண்டிருந்த ஜப்பானில், ஹமமாட்சு நகரத்துச் சொய்ச்சிரோ ஹோண்டா, ராணுவத்தார் தங்கள் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் உண்டாக்க வைத்திருந்த சிறிய எஞ்சின்கள் கேட்பாரற்றுக் கிடப்பதைக் கண்டு, அவற்றை வாங்கிச் சைக்கிள்களில் பூட்டி விற்கத் தொடங்கினார். முதல் வண்டிக்குப் பெட்ரோல் தொட்டியாக அமைந்தது, குளிர்காலத்தில் வெந்நீர் ஊற்றிப் படுக்கையைச் சூடாக்கும் வீட்டுப் பாத்திரம் ஒன்று. அதைத் தெருவில் ஓட்டிப் பரீட்சை செய்தவர் அவருடைய மனைவி சாச்சி. அதே ஆண்டில் பிரான்சில் விற்பனைக்கு வந்த வெலோசொலெக்ஸ், முன்சக்கரத்தின் மேல் எஞ்சினைச் சுமந்து, ஓர் உருளையை டயரின் மீது அழுத்தி உராய்த்தே வண்டியை நகர்த்தியது. கார் வாங்க வழியில்லாத, ஆனால் மிதித்து மிதித்துக் களைத்துப்போன ஜனங்களுக்கு, இல்லாமையே ஆசானாக நின்று கற்பித்த தொழில் அது.

இன்னுமொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கக்கூடும். இருசக்கர வண்டியை மின்சாரத்தால் ஓட்டும் எண்ணம், பெட்ரோலுக்குப் பிற்பட்ட தலைமுறையில் உதித்ததன்று. 1895 டிசம்பர் 31 அன்று, ஆக்டன் போல்டன் என்ற அமெரிக்கர் ஒரு மின்சாரச் சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வரைபடத்தைப் பார்த்தால், பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டார் அடங்கியிருப்பதையும், சட்டத்தின் நடுவில் பேட்டரி தொங்குவதையும் காணலாம். இன்று பட்டறைகளில் ஹப் மோட்டார் என்று சொல்லிப் பொருத்துகிறார்களே, அதன் மூதாதை அதுதான். 10 வோல்ட்டில் 100 ஆம்பியர் வரை இழுக்கும் அந்த மோட்டாருக்கு ஈடுகொடுக்கக்கூடிய இலேசான பேட்டரி அன்று உலகத்தில் எங்கும் இல்லை. ஈயத்தையும் அமிலத்தையும் சுமந்துகொண்டு சைக்கிள் எவ்வளவு தூரம் போய்விட முடியும்? லித்தியம்-அயன் பேட்டரி 1991-இல் கடைக்கு வரும் வரையில், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம், நல்ல மோட்டார் ஒன்று தனக்கேற்ற துணைக்காகக் காத்திருந்தது என்றே சொல்ல வேண்டும். அந்த இடைவெளியில் புகுந்து இடம் பிடித்துக்கொண்டதுதான் சிறிய பெட்ரோல் எஞ்சின்.

நம் தேசத்தில் திருப்பதியில் பிரெஞ்சு நிறுவனமான மோட்டோபெக்கானின் நுட்பத்தைக் கொண்டு சுவேகா மொபெட் செய்யப்பட்டது. பிறகு இத்தாலியப் பியாஜியோவின் சியாவோவைத் தழுவி, கைனெடிக் நிறுவனத்தாரின் லூனா 1972-இல் வெளிவந்தது. ஒருவர் மட்டும் அமர்ந்து, வேண்டும்போது பெடலையும் மிதித்துப் போகும் வண்டிகளாகவே மொபெட்டுகளை ஜனங்கள் அறிந்திருந்த காலத்தில், 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் ஏறிச் செல்லும்படி இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மொபெட் அதுவே.

அது தமிழ்நாட்டின் ஜீவனத்தில் பெற்ற ஸ்தானத்தை விற்பனைக் கணக்கால் அளப்பது போதாது. பின்னிருக்கையின் இருபுறமும் பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு விடியுமுன் கிளம்பியவர்களும், காலடித் தளத்தில் நெல் மூட்டையை நிறுத்தி அதன் மேல் கால்களைப் பரப்பிக்கொண்டு வரப்போரப் பாதையில் ஓட்டியவர்களும், கத்தரிக்காய்க் கூடையைக் கட்டிச் சந்தைக்குப் போனவர்களும், தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் கலர்கலராகப் பிளாஸ்டிக் குடங்களைக் கோத்துக்கொண்டு பக்கத்து ஊர்க் குழாய்க்கு ஓடியவர்களும் அதை ஒரு வாகனமாக மட்டும் நினைத்திருக்க மாட்டார்கள். வீட்டில் உழைக்கும் ஓர் ஆளாகவே எண்ணினார்கள். கியர் மாற்றும் சிரமம் இல்லை. கிளட்ச் தானே பிடித்துத் தானே விட்டது. சேலை கட்டியவரும் வேட்டி கட்டியவரும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறி அமரலாம். மாட்டு வண்டிக்கும் லாரிக்கும் நடுவே இத்தனை காலம் ஆளில்லாமல் கிடந்த ஒரு வேலையை, ஐம்பது சி.சி.-கூட நிரம்பாத எஞ்சின் ஒன்று எடுத்துக்கொண்டது.

அந்த எஞ்சினுக்குக் குற்றமும் உண்டு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில், உள்ளே வரும் புதிய கலவையே எரிந்த புகையை வெளியே தள்ளுவதால், அந்தக் கலவையில் ஒரு பகுதி எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது; உராய்வைத் தடுக்கப் பெட்ரோலோடு கலந்த ஆயிலும் புகையாகிறது. பங்கில் பெட்ரோல் போட்டவுடன், பக்கத்திலிருந்த கைப்பம்பை அழுத்தி ஆயில் ஊற்றிக்கொள்வதும், வண்டி இழுவை குறைந்தால் மெக்கானிக் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பதும், சைலன்சர் குழாயை நெருப்பில் வாட்டி உள்ளே படிந்த கரியைத் தட்டி உதிர்ப்பதும் ஒரு தலைமுறைக்கே பழக்கமான காரியங்கள். மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியாக இறுகவே, 2015-இல் வந்த டி.வி.எஸ். எக்ஸ்எல் 100 நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டது. பழைய வண்டிகளோ, சட்டமும் சக்கரமும் கெடாமல், எஞ்சினில் மட்டும் தேய்ந்து, மாட்டுக் கொட்டகைகளில் சாய்ந்து நிற்கின்றன.

அப்படிப்பட்ட ஒன்றை மின்வண்டியாக்கும்போது நடப்பது இதுதான். எஞ்சின், கார்புரேட்டர், சைலன்சர் மூன்றும் இறங்குகின்றன. பின்சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளை அவிழ்த்து, பழைய ரிம்மையே ஹப் மோட்டாரைச் சுற்றிப் புதிதாகக் கோத்துக் கோட்டம் எடுக்கிறார்கள். எஞ்சின் தொங்கிய வெற்றிடத்தில் பேட்டரிப் பெட்டி அமர்கிறது. 48 வோல்ட், 24 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால், ஒரு யூனிட்டுக்குச் சற்றே மேலான மின்சாரம் அதில் கொள்ளும். சமதரையில் நிதானமாகப் போனால் சுமார் 40 கிலோமீட்டர் ஓடலாம். அனுபவமில்லாதவர்கள் தவறவிடும் இடம் ஒன்றுண்டு. பெட்ரோல் வண்டியின் பின் ஆக்ஸில் சும்மா சக்கரத்தைத் தாங்கி நின்றது. ஹப் மோட்டாரின் ஆக்ஸிலோ, மோட்டார் முன்னே சுழலும் விசைக்குச் சமமாகத் தான் பின்னே திரும்பப் பார்க்கும். அதை நட்டு மட்டும் பிடித்துக்கொள்ளும் என்று நம்பினால், ஒரு நாள் ஆக்ஸில் சுழன்று, மோட்டாருக்குப் போகும் ஒயர்களை முறுக்கி அறுத்துவிடும். ஆக்ஸிலின் தட்டை முகத்தில் செருகி, சட்டத்தோடு இறுக்கிவிடும் ஓர் இரும்புத் தகடுதான் இதற்குப் பரிகாரம்.

அரசாங்க விதிகளின் கண்ணில் இந்த மாற்றம் இன்னமும் முழுமையாகத் தெளிவு பெறவில்லை என்பது என் அபிப்பிராயம். பிரான்சு 2020-இலேயே மூன்று ஆண்டு கடந்த இருசக்கர வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றத் தனி விதி வகுத்தது. நம் நாட்டில், மாற்றுக் கருவித் தொகுதி முதலில் பூனாவிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற பரிசோதனை நிலையத்தின் அங்கீகாரம் பெற வேண்டும், பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தில் மாற்றம் பதிவாக வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கு இது பொருந்தலாம். ஊர்க்கோடியில் ஒரு வண்டியை மாற்றித் தரும் மெக்கானிக்குக்கு இந்த ஏற்பாட்டில் நுழைய வாசல் மிகச் சிறியது. 2024-இல் கைனெடிக் குடும்பத்தாரே ஈ-லூனாவை வெளியிட்டு, பழைய வடிவம் புதிய சக்தியோடு ஓடும் என்று காட்டிவிட்ட பிறகாவது, பழைய வண்டிகளுக்கு எளிய வழி ஒன்றை அரசாங்கம் திறக்க வேண்டும்.

ஹப் மோட்டாரை விட வேறொரு முறையில் எனக்கு அதிக நம்பிக்கை. இரண்டு மூட்டையோடு மேடு ஏறும்போது, மெதுவாகச் சுழலும் ஹப் மோட்டார் மின்சாரத்தை உஷ்ணமாக்கித் தானே வெந்துபோகும். எஞ்சின் இருந்த அதே இடத்தில் மோட்டாரை வைத்து, பழைய செயினையும் பல்சக்கரத்தையும் கொண்டே பின்சக்கரத்தை ஓட்டினால், மோட்டார் வேகமாகச் சுழல, சக்கரம் மெதுவாகவும் பலமாகவும் திரும்பும். பாரம் ஏற்றுகிறவருக்குப் பின் பல்சக்கரத்தில் எத்தனை பல், சாலையில் ஓடுகிறவருக்கு எத்தனை பல் என்று அளந்து மாற்றும் வித்தை, நம் மொபெட் மெக்கானிக்குகள் பெட்ரோல் காலத்திலேயே கற்றுத் தேர்ந்தது.